வெளுத்ததெல்லாம் வெள்ளைப்புள்ளி அல்ல

என்னுடைய இரண்டாவது பெட்டா மீன் செத்ததில் நோய்க்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதிப் பங்கு. கருநீல உடம்பு, வால் நுனியில் மட்டும் சிவப்பு. ஒரு சனிக்கிழமை காலையில் அதன் முதுகுத் துடுப்புக்குக் கீழே வெளிறிய திட்டு ஒன்றைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. வெள்ளை என்றால் வெள்ளைப்புள்ளி நோய், வெள்ளைப்புள்ளி என்றால் ஹீட்டரைக் கூட்டு என்று எங்கேயோ படித்து வைத்திருந்தேன். 26 டிகிரியில் இருந்த தண்ணீரை 30க்கு ஏற்றினேன். சாயங்காலம் பார்த்தால் அந்தத் திட்டு முதுகின் இரண்டு பக்கமும் இறங்கி, குதிரைக்குப் போட்ட சேணம் மாதிரி ஆகியிருந்தது. சூடு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு டிகிரி ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் அடியில் கிடந்தது.

அது வெள்ளைப்புள்ளியே இல்லை. காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். முதுகில் சேணம் போட்ட மாதிரி வருவதுதான் அதன் அடையாளமே. தண்ணீர் சூடாக ஆக அது வேகமெடுக்கும். ஒரு நோயைத் தீர்க்க உதவுகிற சூடு இன்னொரு நோய்க்குத் தீனி என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மருந்து கிடைக்காமல் செத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். நான் உட்கார்ந்து அக்கறையாக வேகவைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, ஒரு நிமிடம் மீனையே பார்ப்பது. முதல் சில நாள் மீன் மிரண்டு இலைக்குப் பின்னால் ஒளியும். பிறகு டார்ச் என்றால் சாப்பாடு என்று முடிவு செய்துகொண்டு கண்ணாடிக்கே வந்து நிற்கும். நேராக அடித்தால் கண்ணாடிதான் பளபளக்கும். சாய்த்து அடித்தால் தோலின் மேடுபள்ளம், செதில் விளிம்பு, துடுப்பின் ஓரம் எல்லாம் தெரியும். அப்புறம் ஒரு தடவை மேலேயிருந்து எட்டிப் பார்ப்பேன். அது ஏன் என்று பின்னால் வருகிறது.

நோயைக் கண்டுபிடிக்க முதலில் நோயில்லாத மீன் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டாவில் இது சுலபமில்லை. இது சோம்பேறி மீன். இலை மேல் படுத்துக்கிடக்கும். சில சமயம் அடியில் ஒருக்களித்துத் தூங்கும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும். அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கும். அதுவும் நோயில்லை. செவுளுக்கு மேலே லேபரிந்த் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதை வைத்துக் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தாய்லாந்தின் நெல் வயல்களிலும் செடி மண்டிய ஆழமில்லாத நீரிலும் பிழைத்து வந்த இனம் அது. ஆனால் மேலே வந்தது கீழே போகாமல் அங்கேயே தொங்கிக்கொண்டு, செவுள் படபடவென்று அடித்தால் அது வேறு விஷயம். இலையில் படுத்திருக்கும் மீனும் நோயில் படுத்திருக்கும் மீனும் ஒரே மாதிரிதான் தெரியும். சாப்பாடு போட்டதும் எழுந்து வருகிறதா என்பதில்தான் வித்தியாசம். துடுப்பை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறதென்றால் ஏதோ சரியில்லை. என்ன என்று அது சொல்லாது, ஆனால் ஏதோ.

நீரின் மேல்பரப்பில் குமிழிகளைச் சேர்த்து நுரைக்கூடு கட்டியிருக்கிறது, அதனால் மீன் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். வால் அழுகிக்கொண்டிருந்த ஒரு மீன் விடாமல் நுரைக்கூடு கட்டியது. ஆண் மீனுக்கு அது ஓர் உந்துதல், அவ்வளவுதான். அதேபோல நிறம் மாறுவதெல்லாம் நோயில்லை. மார்பிள் வகை மீன்களுக்கு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவே இடம் மாறிக் குதிக்கும்; நீலமாக வாங்கியது ஆறு மாதத்தில் பாதி வெள்ளையாகலாம். சாப்பிடுகிறது, நீந்துகிறது, துடுப்பு விரிந்திருக்கிறது என்றால் அந்த வெள்ளையை விட்டுவிடலாம்.

சரி, மீனைப் பார்த்தாயிற்று. ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. அடுத்து மருந்து அலமாரிப் பக்கம் போகாமல் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். எனக்கு உறைத்தது ஒரு ஃபில்டர் ஸ்பாஞ்சால்.

ஸ்பாஞ்ச் அழுக்காக இருந்தது. குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்தேன். சுத்தம் செய்த பெருமையோடு திரும்ப மாட்டினேன். நாலாம் நாள் மீன் மேலே தொங்கியது, செவுள் ஓரம் சிவந்திருந்தது. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பச்சையாக ஏறி நின்றது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிச்சச் சாப்பாடும் கழிவும் அழுகி இன்னும் அம்மோனியா தரும். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது ஓரளவு வரை பரவாயில்லை, தண்ணீர் மாற்றினால் போய்விடும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். நான் குழாய்த் தண்ணீரின் குளோரினால் அதை ஐந்து நிமிடத்தில் கொன்றிருந்தேன். இப்போதெல்லாம் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் நாலு அமுக்கு அமுக்கி, அழுக்கு போயும் போகாமலும் இருக்கும்போதே திரும்ப வைத்துவிடுகிறேன்.

அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) பக்கம், வெப்பம் 25 முதல் 27 டிகிரி. இதில் ஒன்று தவறியிருந்தாலும் நான் மருந்து எடுப்பதில்லை. குளோரின் நீக்கி கலந்த, அதே வெப்பத்தில் இருக்கும் தண்ணீரால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன். அம்மோனியா அதிகமென்றால் மறுநாளும் மாற்றுவேன். நைட்ரைட் ஏறியிருந்தால் கொஞ்சம் உப்பும் போடலாம். நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், செவுள் பழுப்பாகும். உப்பிலிருக்கும் குளோரைடு செவுளில் நைட்ரைட்டுக்குப் போட்டியாக நின்று உள்ளே விடாமல் தடுக்கும். உப்பு என்றதும் ஏதோ நாட்டு வைத்தியம் என்று ஒதுக்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உப்பே எல்லாம் தீர்க்கும் என்பவர்களுக்கு: தீர்க்காது.

துடுப்பழுகல் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வால் கிழிந்திருந்தால் உடனே துடுப்பழுகல் என்று மருந்தைக் கொட்டுவது வழக்கம். கிழிந்த வால் மூன்று காரணத்தால் இருக்கும். பிளாஸ்டிக் செடியிலோ கூரான கல்லிலோ மாட்டிக் கிழிந்தது ஒன்று. அது துணி கிழிந்த மாதிரி நேர்க்கோடாக இருக்கும், ஓரத்தில் நிறம் மாறியிருக்காது. இரண்டாவது, மீன் தன் வாலைத் தானே கடித்தது. ராத்திரி முழு வாலோடு இருந்த மீன் காலையில் அரைவட்டமாகக் கொறித்த வாலோடு நிற்கும். ஹாஃப்மூன், ரோஸ்டெயில் மாதிரி பெரிய வால் இனங்களில் இது அதிகம். அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு நீந்துவது அவற்றுக்குக் கஷ்டம், ஃபில்டரின் நீரோட்டம் வேகமாக இருந்தால் இன்னும் கஷ்டம். அழகுக்காக இவ்வளவு கனமான வாலை வளர்த்தெடுத்தது மனிதர்கள்தான். இப்போது நான் குட்டை வால் பிளகாட் தவிர வேறு வாங்குவதில்லை.

மூன்றாவதுதான் உண்மையான அழுகல். ஓரம் கறுப்பாகவோ சிவப்பாகவோ தீய்ந்த மாதிரி இருக்கும். நாளுக்கு நாள் ஓரம் உள்வாங்கும். துடுப்புச் சவ்வு போய் நரம்பு மட்டும் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் மாதிரி எப்போதும் தண்ணீரிலேயே இருக்கிற பாக்டீரியாக்கள்தான் காரணம். மீன் தெம்பாக இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அழுக்குத் தண்ணீரிலும் குளிரிலும் மீன் வாடும்போது ஓரத்தில் வேலையை ஆரம்பிக்கும். அதனால் ஆரம்ப நிலை அழுகலுக்கு நான் செய்வது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதும், ஹீட்டரைச் சரிபார்ப்பதும்தான். ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றால் தனித் தொட்டியில் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் உப்பு, அதிகபட்சம் 10 நாள். அழுகல் உடம்பை நெருங்கிவிட்டால், வாலின் அடிப்பகுதி சிவந்துவிட்டால், உப்பெல்லாம் போதாது. மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவரிடம் கேட்டு ஆன்டிபயாட்டிக் போட வேண்டிய கட்டம் அது. கண்ட ஆன்டிபயாட்டிக்கை அரைகுறையாகப் போட்டால் பாக்டீரியா பழகிக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆறத் தொடங்கிய வாலின் ஓரத்தில் கண்ணாடிக் காகிதம் மாதிரி நிறமில்லாத மெல்லிய சவ்வு வரும். அது புதிதாக வளர்கிற சதை. நிறம் பின்னால்தான் ஏறும். ஆனால் முதல் தடவை அதைப் பார்க்கும்போது ஓரம் வெளுத்து அழுகுகிறது என்றுதான் தோன்றும். நான் ஒரு முறை குணமாகிக்கொண்டிருந்த மீனுக்கு மறுபடியும் உப்பு போட்டேன். அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரே இடத்திலிருந்து வாலைப் போட்டோ எடுத்து வைக்கிறேன். ஓரம் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது, போட்டோவை நம்பிச் சொல்லலாம்.

இப்போது வெள்ளைக்கு வருகிறேன்.

அசல் வெள்ளைப்புள்ளி நோய் திட்டாக வராது. உப்புக் கல்லைத் தூவின மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரே அளவில், எண்ணிவிடலாம் போல வரும். துடுப்பில்தான் முதலில் தெரியும். மீன் கல்லிலும் செடியிலும் உடம்பை உரசும். இக்தியோப்தீரியஸ் என்கிற ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கிறது. புள்ளி என்று நாம் பார்ப்பது அந்த ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் வீடு. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் தோலைவிட்டு விழுந்து, அடியில் ஒட்டிக்கொண்டு, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, நீந்திக்கொண்டு அடுத்த மீனைத் தேடும். நீந்துகிற அந்தச் சமயத்தில்தான் மருந்து கொல்லும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அநேகமாகத் தானே செத்துவிடும்.

இந்தச் சுற்றைப் புரிந்துகொண்டால் இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, மூன்றாம் நாள் புள்ளியெல்லாம் காணாமல் போனதும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவது எவ்வளவு பெரிய தப்பு. புள்ளி குணமாகவில்லை, கீழே இறங்கியிருக்கிறது. ஒன்று இரண்டாகப் போனவை இப்போது அடியில் நூறாகிக்கொண்டிருக்கின்றன. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் வைத்தியம் தொடர வேண்டும். இரண்டு, சூடு ஏன் உதவுகிறது என்பது. குளிர்ந்த நீரில் இந்தச் சுற்று வாரக்கணக்கில் இழுக்கும், சூடான நீரில் சில நாளில் முடியும். சூடு அந்த ஒட்டுண்ணியை அவசரப்படுத்தி, மருந்துக்கு முன்னால் தள்ளிவிடுகிறது. பெட்டா 30 டிகிரி வரை தாங்கும். சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக ஏற்ற வேண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக் குமிழி விடும் ஒரு ஏர் ஸ்டோனும் ஓட வேண்டும். மருந்து என்றால் மலக்கைட் கிரீன் கலந்தவைதான் அதிகம் கிடைக்கின்றன. பாட்டிலில் எழுதிய அளவுக்கு ஒரு சொட்டும் கூட்டக்கூடாது, கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், கையில் பட்டால் நல்லதில்லை.

வெல்வெட் என்கிற நோய் பெட்டாவுக்கு இதைவிட அடிக்கடி வருகிறது என்பது என் அனுபவம், ஆனால் அதிகம் பேர் கண்டுபிடிப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் எதுவுமே தெரியாது. மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு நிற்கும், திடீரென்று துள்ளிப் போய் ஹீட்டரில் உரசும், சாப்பாட்டை வாயில் வாங்கித் துப்பும். தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் விஷயம் வெளிவரும். தலையிலும் செவுள் மூடியின் பக்கத்திலும் தங்கத் தூள் பூசின மாதிரி, துருப் பொடி தூவின மாதிரி ஒரு மினுமினுப்பு. வெள்ளைப்புள்ளி உப்புக் கல் என்றால் இது மஞ்சள் பொடி. நான் முதன்முதலில் பார்த்தபோது, அடடா, என்ன அழகாகப் பளபளக்கிறது என்றுதான் நினைத்தேன். மெட்டாலிக் நிற மீனில் இன்னும் குழப்பம். அதன் சொந்தப் பளபளப்பு செதிலோடு வரிசையாக இருக்கும், இது வரிசையில்லாமல் சிதறியிருக்கும்.

இந்த ஒட்டுண்ணிக்குச் செடிகளைப் போலப் பச்சையமும் உண்டு, வெளிச்சத்திலிருந்து கொஞ்சம் உணவு செய்துகொள்ளும். அதனால் தொட்டியின் விளக்கை அணைத்துத் துணி போட்டு மூடுவது வைத்தியத்தில் ஒரு பகுதி. ஆனால் இருட்டு மட்டும் போதாது, மீனையே தின்றும் அது பிழைக்கும். தாமிரம் கலந்த மருந்தோ ஆக்ரிஃபிளேவினோ வேண்டும். தாமிரம் என்றால் அந்தத் தொட்டியில் நத்தையோ இறாலோ இருக்கக்கூடாது, அவை செத்துவிடும். வெல்வெட் செவுளைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால் உடம்பில் தெரிகிறபோதே நேரம் கடந்திருக்கலாம். நான் கண்டுபிடித்த இரண்டில் ஒன்றுதான் பிழைத்தது.

அப்புறம் அந்தச் சேணக்காரன். காலம்னாரிஸ் வெளிறிய சாம்பல் திட்டாக வரும், ஓரத்தில் மஞ்சளோ சிவப்போ ஓடும். வாயைச் சுற்றி வந்தால் பஞ்சை வாயில் வைத்தது போலிருக்கும். அதனால் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து போடுவார்கள். உண்மையான பூஞ்சை நூல் நூலாகத் தண்ணீரில் அசையும், பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த காயத்தின் மேல்தான் முளைக்கும், மெதுவாகத்தான் வளரும். காலை ஒரு அளவிலும் மாலை இரண்டு மடங்காகவும் இருந்தால் பூஞ்சை இல்லை. பூஞ்சைக்குத் தனிப் பாத்திரத்தில் மெத்திலீன் ப்ளூ நன்றாக வேலை செய்யும். தொட்டியிலேயே ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துப் பதம் பார்க்கும், சிலிக்கான் ஒட்டு ஆயுளுக்கும் நீலமாகிவிடும். காலம்னாரிஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், அதுவும் அன்றே வேண்டும். வெப்பத்தை 24 டிகிரி பக்கம் மெதுவாக இறக்க வேண்டும். வேகமான வகை ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் 31க்கு ஏற்றாமல் இருந்திருந்தாலும் அந்த மீன் பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஏற்றினேனே.

வயிற்றுக்கு வருகிறேன். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, கீழே போக முயன்றால் தக்கை மாதிரி மேலே வருகிறது என்றால் நீந்தும் பை நோய் என்று பெரிய பெயர் வைப்பார்கள். பெரும்பாலும் அது அஜீரணம். பெட்டாவின் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான் என்பார்கள். எப்போது போனாலும் பசியில் இருப்பது மாதிரி நடிக்கும், நாமும் ஏமாந்து போடுவோம். காலையில் இரண்டு மூன்று பெல்லட், மாலையில் இரண்டு மூன்று, அவ்வளவுதான் அதற்குத் தேவை. வீங்கிவிட்டால் இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் போதும், பாதிக்கு மேல் சரியாகிவிடும். பட்டினி போட மனசு வராதவர்கள் மீன் வளர்ப்பதில் கஷ்டப்படுவார்கள். பிறகு டாஃப்னியா என்கிற சின்ன நீர்த்தெள்ளு கொடுக்கலாம். அதன் ஓடு நார்ச்சத்து மாதிரி வேலை செய்து குடலைத் தள்ளும். வேகவைத்த பட்டாணி கொடுங்கள் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. பெட்டா பூச்சியும் புழுவும் தின்கிற மீன், பட்டாணிக்கு அதன் குடல் ஏற்பட்டதில்லை. பட்டினிக்கும் டாஃப்னியாவுக்கும் கேட்காவிட்டால் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்ஃபேட், லிட்டருக்குச் சுமார் 4 கிராம் கரைத்த தனிப் பாத்திரத்தில் 10 நிமிடம், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு. மீன் புரண்டால் உடனே எடுத்துவிட வேண்டும்.

மேலேயிருந்து எட்டிப் பார்ப்பேன் என்றேனே, அது டிராப்ஸிக்காக. சாதாரணமாக வீங்கிய மீனை மேலேயிருந்து பார்த்தால் செதில்கள் வழுவழுவென்று படிந்திருக்கும். டிராப்ஸி என்றால் செதில்கள் விரிந்து நின்று, பைன் மரக் காய் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது இது தாமதமாகத்தான் தெரியும். டிராப்ஸி ஒரு தனி நோயில்லை. சிறுநீரகம் கைவிட்டு உடம்புக்குள் நீர் சேர்ந்துவிட்டது என்பதன் அறிகுறி. கடலுப்பு இங்கே வேண்டாம், எப்சம் உப்பு நீரை வெளியே இழுக்கக் கொஞ்சம் உதவும், ஆன்டிபயாட்டிக்கும் முயலலாம். நான் பார்த்த மூன்றும் செத்தன. பொய் நம்பிக்கை கொடுக்க விருப்பமில்லை.

கண் பிதுங்கல் பற்றிச் சுருக்கமாக. ஒரு கண் மட்டும் பிதுங்கினால் பெரும்பாலும் எங்கேயோ இடித்திருக்கும். சுத்தமான தண்ணீரும் பொறுமையும் போதும். இரண்டும் பிதுங்கினால் பெரும்பாலும் உள்ளே தொற்று. டிராகன் ஸ்கேல் வகை மீன்களுக்குக் கண் மேல் செதில் வளர்ந்து மூடிவிடும். அது நோயில்லை, அதற்கு வைத்தியமும் இல்லை. குருட்டு மீன் சாப்பாட்டை வாசனை பிடித்து வரும், கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயம் நமக்காக. மீன் நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போகிறது, முதுகு வளைகிறது, ஆறாத புண் இருக்கிறது என்றால் மீன் காசநோயாக இருக்கலாம். மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமி. அதில் ஒன்று நம் கையிலிருக்கும் கீறல் வழியாகத் தொற்றி, வாரக்கணக்கில் ஆறாத கட்டியாக வரும். கையில் காயம் இருக்கும்போது தொட்டிக்குள் வெறும் கையை விடாதீர்கள். அப்படியொரு கட்டி வந்தால் தோல் மருத்துவரிடம் மீன் வளர்க்கிறேன் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது.

மருந்து போடும்போது நான் செய்து கற்ற தப்புகள் இன்னும் சில உண்டு. ஃபில்டரில் கரித்தூள் இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தைக் கரி குடித்துவிடும். ஒரு வாரம் மருந்து போட்டும் கேட்கவில்லையே என்று நான் புலம்பியது இப்படித்தான். உப்பு ஆவியாகாது, தண்ணீர் வற்றியதற்கு மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டி மெல்லக் கடலாகும். ஒரே நேரத்தில் மூன்று மருந்து கலக்கக்கூடாது. எது வேலை செய்தது, எது கொன்றது என்று கடைசிவரை தெரியாது. இதற்கெல்லாம் ஹீட்டரோடு ஒரு பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா தனியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. புதிதாக வாங்கிய மீனுக்கும் முதல் மூன்று நான்கு வாரம் அதுதான் வீடு. மூடி அவசியம். நோயில் கிடக்கிற மீன்கூடக் குதிக்கும், தவிர நீருக்கு மேலே இருக்கும் காற்று கதகதப்பாக இருந்தால்தான் அந்த லேபரிந்துக்கு நல்லது.

சில மீன்களுக்கு நோயே இருக்காது, வயதுதான். பெட்டாவுக்குச் சாதாரணமாக 2 முதல் 4 வருடம். வாங்கும்போதே சில மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகியிருக்கும். நிறம் மங்கி, முதுகு லேசாகக் கூனி, மேலே வரச் சிரமப்பட்டால் நீர்மட்டத்தைக் குறைத்து, மேற்பரப்புக்குப் பக்கத்தில் படுக்க ஓர் இலை வைத்துக்கொடுப்பேன். இனி மீளாது, வேதனைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. அதிலுள்ள யூஜெனால் மயக்க மருந்து. தனிப் பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெயைத் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கிக் கலந்து மயங்கச் செய்துவிட்டு, அசையாமல் போனதும் இன்னும் அதிகமாகச் சேர்த்து, செவுள் நின்ற பிறகும் அரைமணி நேரம் விட்டுவைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைப்பதும் கழிப்பறையில் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

இப்போது இருப்பது செங்கல் நிறப் பிளகாட். இரண்டு வருடம் தாண்டிவிட்டது. போன வாரம் ராத்திரி டார்ச் அடித்தபோது அதன் தலையில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், வெள்ளையாக ஒன்று. உப்புக் கல் அளவு. கை தானாக ஹீட்டர் பக்கம் போனது, நிறுத்திக்கொண்டேன். ஒன்றுதான் இருக்கிறதா என்று துடுப்புகளைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. உரசவில்லை. துடுப்பு விரிந்துதான் இருந்தது. மேலேயிருந்து பார்த்தேன், செதில் படிந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து மீன் திரும்பியபோது அந்த வெள்ளை தலையிலிருந்து நழுவி, மெதுவாக மேலே போய், நுரைக்கூட்டின் ஓரத்தில் மற்ற குமிழிகளோடு சேர்ந்துகொண்டது.